உருளும் சிறுதேரும் மண் அள்ளும் பொம்மையும்

தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் அரப்பாக் காட்சிக்கூடத்தில் சுடுமண்ணாலான சிறுவண்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வண்டியின் சட்டத்தில் வரிசையாகத் துளைகள் உள்ளன. அவற்றில் செருகப்பட்டிருந்த குச்சிகள் மட்கி மறைந்துவிட்டன. சக்கரங்கள் ஆரக்கால் இல்லாத முழுவட்டங்கள். இவை தேர்கள் அல்ல, சுமை வண்டிகளின் சிற்றுருவங்கள். செங்கல்லால் நகரெழுப்பிய மக்களின் அன்றாட உழைப்பு வண்டியே அவர்தம் குழந்தையின் கைக்கும் வந்தது எனலாம். இத்தகைய உருவங்களில் எவை வழிபாட்டுக்குரியன, எவை விளையாட்டுக்குரியன என்னும் வினா தொல்லியலாரிடையே உண்டு. எனினும் கழுத்து தனியே அசையுமாறு செய்யப்பட்ட மொகஞ்சதாரோக் காளையைக் காண்போர், அதனைக் குழந்தைக்கன்றி வேறு யாருக்கும் உரியதாகக் கருதுவது அரிது.

அவ்வண்டியை உருட்டியது யாருடைய குழந்தை என்பதை மண்பொருள் சொல்லாது. அதனைச் சொல்லக்கூடியது இலக்கியம். இவ்வகையில் சங்கப் பாடல்கள் தரும் சான்றுகள் குறிப்பிடத்தக்கவை.

உருட்டலும் ஈர்த்தலும்

பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் உலரவைத்த தானியத்தைக் கவரவந்த கோழியின்மீது எறிந்த காதணி, சிறுவர் உருட்டிவந்த மூன்றுகாற் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. அத்தேருக்குக் குதிரை இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்துச் சிறுவர் தேரை உருட்டித் தளர்நடையால் வருந்திச் செவிலியிடம் பாலுண்டு உறங்குகின்றனர். குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச்செல்ல இயலாவிடினும் அதனைக் கையால் இழுத்தே மகிழும் இளையோரைத் தோழி கூற்றில் உவமையாக்குகிறார்.

இம்மூன்றிடத்தும் வினைச்சொல் ஒன்றாக இல்லை என்பது உற்றுநோக்கத்தக்கது. முன்னிரண்டிலும் ‘உருட்டுதல்’, குறுந்தொகையில் ‘ஈர்த்தல்’. நடை தேறாத குழந்தை வண்டியைத் தன் முன்னே தள்ளும். அது நிற்பதற்குரிய பிடிமானமும் ஆகும். நடை தேறிய பின்னரே வண்டியைப் பின்னால் இழுத்துத் திரும்பிப் பார்த்துச் செல்லும். இன்றும் தமிழ் வீடுகளில் காணப்படும் மரத்தாலான நடைவண்டிக்கு மூன்று சக்கரமே. பட்டினப்பாலையின் ‘முக்கால்’ என்னும் அடையை அணியாகவன்றி அமைப்பாகவே கொள்ள இது இடந்தருகிறது. புலவர் குழந்தையின் பருவமறிந்தே வினையைத் தேர்ந்தார் எனக் கொள்வது மிகையன்று.

ஏறமுடியாத வண்டியில் இன்பம் எங்கிருந்து வருகிறது? கைக்கு எட்டும் மரத்தின் வழவழப்பு, சக்கரம் தரையில் எழுப்பும் ஒலி, இழுக்கும்போது உணரும் கனம் ஆகியன ஒருபுறம். இல்லாத குதிரையை இருப்பதாகக் கொள்ளும் கற்பனை மறுபுறம். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி, புலன்வழிக் கல்வியை வலியுறுத்திய அளவுக்குப் பாவனை விளையாட்டுக்கு இடமளிக்கவில்லை. குறுந்தொகைச் சிறுவனிடத்தோ இவை பிரிக்கமுடியாதவை.

நச்சிய சிறுவர்

பெரும்பாணாற்றுப்படை அத்தேரைத் தச்சச் சிறார் ‘நச்ச’ச் செய்யப்பட்டது என்கிறது. ‘நச்ச’ என்பது ‘விரும்ப’ எனப் பொருள்படும் எச்சம். எனவே தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படுமாறு புனைந்த தேர் எனக் கொள்வதே சொற்போக்குக்குப் பொருந்துவது. இத்தொடரைத் தேரின் சிறப்புக்கான புகழுரையாக மட்டும் கடந்துசெல்வது வழக்கம். அதில் வேறொன்றும் உள்ளது. நாள்தோறும் உளியொலி கேட்டு வளரும் பிள்ளைகள் ஆசைப்படுகின்றனர். தேரை உருட்டுவோரோ செவிலியர் பேணும் வேறு வீட்டுச் சிறுவர். செய்வோர் வீடும் ஆடுவோர் வீடும் வேறாகிவிட்டதை ஒரு சொல்லில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பதிவு செய்துள்ளார்.

இதே இடைவெளி சூத்திரகரின் வடமொழி நாடகத்தில் நிகழ்ச்சியாகவே விரிகிறது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனை ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். வறுமையுற்ற சாருதத்தனின் மகன், அண்டை வீட்டுச் சிறுவனின் பொற்றேரோடு விளையாடியவன். அது திரும்பப் பெறப்பட்டபின் பணிப்பெண் செய்துதந்த மண்தேரை வேண்டாமென அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களை அம்மண்தேரில் இட்டு நிரப்புகிறாள். நாடகத்தின் சிக்கல் முழுவதும் அந்த அணிகலன்களால் முறுகுகிறது.

சிற்றிலும் இயந்திரமும்

தேர் விளையாட்டைப் போன்றே மணல் விளையாட்டும் தமிழில் தொன்மையானது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிற்றிற் பருவத்தில் சிறுமியர் மணலில் வீடு கட்டுவர். ஆண்குழந்தை காலால் அதனைச் சிதைப்பான். சிதைக்கவேண்டா என அவர்கள் இரப்பர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் இவ்வேண்டுகோள் ஒரு பதிகமாக அமைந்துள்ளது. மண்ணைக் கட்டுவது ஒருவர், கலைப்பது மற்றொருவர் என்பதே மரபு.

இக்காலக் குழந்தையின் மண் அள்ளும் பொம்மை, சிற்றிலையும் சிறுதேரையும் ஒன்றாக்கிவிட்டது. அது உருள்கிறது, தோண்டுகிறது, குவிக்கிறது, இடிக்கிறது. கட்டுவதும் கலைப்பதும் ஒரே குழந்தை. ஈரமணலின் கனத்தைக் கை நேரே அறியாமல் பொம்மையின் வாளி வழியே அறிகிறது என்பது மட்டுமே புதிது. இதன் பெயரும் ஆராயத்தக்கது. தமிழ் நாளிதழ்கள் வழங்கும் ‘பொக்லைன்’ ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். மக்கள் வழக்கிலுள்ள ‘ஜே.சி.பி.’ 1945இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரெழுத்துகள். அந்நிறுவனம் 1979இல் தில்லியை அடுத்த பல்லப்கரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக உற்பத்தியில் இறங்கியது. சங்கச் சிறுவனின் பொம்மை தலைவனின் தேரைப் பின்பற்றியது. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டியை விரிவாக வருணித்தும், சிறுவர் கைக்கு அதனைத் தரவில்லை. அரப்பாவின் சுமைவண்டிக்குப் பின் உழைப்பு வண்டி மீண்டும் குழந்தையின் விருப்பப் பொருளானது இந்த இயந்திரத்தால்தான் எனத் தோன்றுகிறது.

இயந்திரம் இயங்கும் இடத்திலும் குழந்தைகள் இருந்தனர். 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி ராஜ்காட்டில் நடந்த கட்டுமானப் பணியிடத்தில் தொழிலாளரின் கைக்குழந்தைகள் புழுதியில் கிடந்ததைக் கண்ட மீரா மகாதேவன், அங்கேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பின் தோற்றம் அதுவே. பணி முடிந்து தொழிலாளர் இடம்பெயரும்போது காப்பகமும் பெயரும் என்பதாலேயே அப்பெயர். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் கட்டுமானப் பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்பது சட்டமாக 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மணற்குவியலும் உடைந்த செங்கல்லும் அக்குழந்தைகளுக்குத் தாமே கிடைத்த விளையாட்டுப் பொருள்கள். செங்கல்லைத் தள்ளி வாயால் இயந்திர ஒலி எழுப்பும் குழந்தைக்கு அது வண்டியே. ஆனால் அச்செங்கல் எந்த அருங்காட்சியகத்தையும் அடைவதில்லை. சக்கரமும் துளையும் இல்லாத அதனைப் பொம்மையென அகழ்வாளர் அடையாளம் காணவும் வழியில்லை. விளையாட்டுப் பொருள்களின் வரலாறு வாங்கத்தக்க பொம்மைகளின் வரலாறாகச் சுருங்கியமைக்கு இது ஒரு காரணம்.

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலையொட்டிப் பல பத்தாண்டுகளாகத் தமிழர் வாழ்ந்த மதராசி முகாமின் சுமார் 370 குடியிருப்புகள், நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று புல்டோசர்களால் இடிக்கப்பட்டன. தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. அங்கு வளர்ந்த குழந்தைகள் மண் அள்ளும் வண்டியை எவ்வாறு விளையாடுகின்றனர், கட்டுகின்றனரா கலைக்கின்றனரா என்பது சிற்றிற் பருவத்தை ஆய்வோர் களத்திற்குச் சென்று தொகுக்கவேண்டிய செய்தியாகும்.