கடலூர் மணற்கல்: உடைப்பு முறைகள்

கடலூர் மணற்கல் என்பது பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் பரவிய மயோசீன், பிளியோசீன் காலப் படிவு. பெயரிட்டவர் 19ஆம் நூற்றாண்டின் நிலவியலர் பிளான்ஃபோர்டு. கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் செம்மண் போர்த்து வெளியே தெரிகிறது. சிதம்பரம் பக்கம் வெள்ளாறும் கொள்ளிடமும் சேர்த்த வண்டல் அதை மூடிவிடுகிறது. திருவக்கரையில் இந்தப் படிவுக்குள் முழு மரங்களே கல்லாகிக் கிடக்கின்றன; பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1781 வாக்கிலேயே அவற்றைக் குறித்துவைத்தார்.

நெடுங்காலம் இந்த மணற்கல்லை உடைத்தது கடப்பாரைதான்.

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்டது 1934 என்றும் 1935 என்றும் சொல்வதுண்டு. அது பழுப்பு நிலக்கரி; அதை எடுக்க 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டும் கரியை மூடிக் கிடந்த மேல்மண்ணோடு, அதாவது இந்த மணற்கல்லோடு, போராட்டம். ஒரு டன் கரிக்கு ஏறத்தாழ 5 முதல் 6 கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் (வாளிச் சக்கர) எந்திரங்கள் இளகிய நிலத்துக்குப் பழகியவை. இங்கோ குவார்ட்ஸ் மணிகள் அரம்போல் அராவ, வாளிப் பற்கள் தேய்ந்து விழுந்தன. மின்சாரத்தில் கணிசமான பங்கு வெட்டாக மாறாமல் வெப்பமாகவும் தேய்மானமாகவும் போயிற்று. பற்களின் உலோகத்தையும் வடிவத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். பிறகு, துளையிட்டு வெடிவைத்துக் கல்லைத் தளர்த்திய பின்னரே சக்கரத்தை இறக்கும் முறை நிலைத்தது. இதனால் ஆற்றல் எவ்வளவு மிச்சம் என்பது, வெடிமருந்தையும் துளையிடும் செலவையும் கணக்கில் சேர்ப்பவர் கையில் இருக்கிறது. பின்னாளில் 700, 1400 லிட்டர் வாளி எந்திரங்கள் வந்தன.

பல்லும் வெடியும் இல்லாத இன்னொரு முறையும் உண்டு. உயர் மின்னழுத்தத் துடிப்பால் கல்லை உடைக்கும் அந்த வழி சோவியத் நாட்டின் தோம்ஸ்க் நகரில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. நீரில் அமிழ்ந்த கல்மீது மைக்ரோநொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்னழுத்தம் ஏறினால், மின்பொறி நீரை விட்டுக் கல்லுக்குள் பாயும், உள்ளிருந்து பிளக்கும். அமுக்கத்தைத் தாங்கும் கல் இழுவிசையைத் தாங்காது என்பதே இதன் பலம். மணிகளும் பெரும்பாலும் நொறுங்காமல் பிரியும். ஆனால் ஆற்றல் சிக்கனம் பற்றிய கணக்குகள் ஒன்றுபடவில்லை: துடிப்பின் ஆற்றலை மட்டும் எடுத்தால் ஒரு விடை, மின்தேக்கியை நிரப்பும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் வேறு விடை. உப்பு ஏறிய நீரிலோ பாதி வழியிலேயே மின்சாரம் கசியும். முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட, முன்னோட்ட அளவிலேயே இருக்கிறது.