மின்னூலைக் காக்க வைத்தவர்கள்

2009 நவம்பர் 10ஆந் திகதி ஸ்டீபன் கிங்கின் 'அண்டர் த டோம்' என்னும் பெருநாவல் அமெரிக்காவில் கெட்டி அட்டைப் பதிப்பாக வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூல். குறித்த விலை 35 டொலர். அதன் மின்னூலை வாங்க விரும்பியோர் டிசம்பர் 24 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. மின்னூல் ஆயத்தமாகாமையன்று காரணம். அமேசன் நிறுவனம் அக்காலத்தில் புதுநூல்களின் மின்பதிப்பைப் பெரும்பாலும் 9.99 டொலருக்கே விற்றது. அந்த விலையில் கிடைக்குமென்றால் 35 டொலர் கொடுப்பார் யார் என்பதே பதிப்பாளரின் அச்சம். டிசம்பரில் சைமன் அன் ஷுஸ்டர் நிறுவனம் ஏறத்தாழ 35 நூல்களின் மின்பதிப்பை நான்கு மாதம் பிந்தவிடப் போவதாக அறிவித்தது. ஹாஷெட் நிறுவனமும் அவ்வழியே சென்றது.

இது புதிய தந்திரமன்று. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் நாவல் மூன்று பாகங்களாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் வெளிவந்தது. சாதாரண வாசகன் அதைக் கையாலும் தொடமாட்டான். மூடி என்பாரின் வாடகை நூல்நிலையத்தில் சந்தா கட்டி இரவல் பெறுவான். ஆறு ஷில்லிங் மலிவுப் பதிப்பு ஓராண்டளவு கழிந்தே தலைகாட்டும். இதனால் வாழ்ந்தவை வாடகை நூல்நிலையங்கள். மலிவுப் பதிப்பு விரைந்து வரத் தொடங்கவே அவையே 1894இல் பதிப்பாளருக்கு நிபந்தனை விதிக்க, மூன்று பாக நாவல் சில ஆண்டுகளுள் மறைந்தது.

தாமதத்தாற் பயனுண்டா? 2010 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பெரிய பதிப்பகம் விலைப் பிணக்கினால் தன் புதிய மின்னூல்களை அமேசனுக்குக் கொடாது நிறுத்தியது. ஜூன் முதலாந் திகதி பிணக்குத் தீர்ந்தது. அந்த இரு மாதங்களை ஹூ, ஸ்மித் என்னும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்தனர். அச்சு நூலின் விற்பனை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. மின்னூலின் விற்பனையோ பெரிதும் குறைந்தது. காக்க வைக்கப்பட்ட வாசகரிற் பலர் திரும்பி வரவேயில்லை.

எங்கள் கரைக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கு எழுத்தாளனே பெரும்பாலும் பதிப்பாளன். மனைவியின் நகையை ஈடு வைத்துச் சில நூறு பிரதிகள் அச்சிடுவான்; வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெறுபவர் தருவதை நம்பியிருப்பான். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை இலவசமாக வாசிக்கத் தருகிறது. "இருக்கிற பிரதி முடியட்டும் சேர், அதுக்குப் பிறகு குடுப்பம்" என்று தயங்குவோரை நான் குறை சொல்லேன். அவர்கள் காப்பது இலாபத்தையன்று, கடனை.

ஆனால் அந்த 'பிறகு' எப்போது? பெரியநீலாவணை தந்த நீலாவணன், கல்முனை எழுத்தாளர் சங்கத்தை நடத்தி இளங்கவிஞர் பலரை வளர்த்தவர், 1975இல் மறைந்தார். அவரது 'வழி' 1976இலும், 'வேளாண்மைக் காவியம்' 1982இலுமே நூலாயின. கெட்டி அட்டை, மலிவுப் பதிப்பு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கவிஞர் தம் நூலைக் கையிலெடுத்துப் பார்க்கவே கொடுத்து வைக்கவில்லை. ஆகவே என்னிடம் கேட்கும் எழுத்தாளருக்கு நான் ஓராண்டுத் தவணை சொல்வதுண்டு: விழா முடிந்து ஓராண்டு பிரதிகளை விற்கட்டும், விற்றாலும் விற்காவிட்டாலும் அதன்பின் மின்பதிப்புக்கு இசைவு என்று நூலின் உட்பக்கத்திலேயே அச்சிட்டு விடட்டும். இதுவரை இருவர் சம்மதித்தனர். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.