வேற்றுமை உருபும் வீரர் கதையும்: லத்தீன் கற்பித்த வரலாறு

லத்தீன் மொழியைப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் திணறும் இடம் வேற்றுமைதான். ஒரே பெயர்ச்சொல் வாக்கியத்தில் செய்யும் வேலையைப் பொறுத்து ஈற்றை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆறு வேற்றுமைகள், ஒருமை, பன்மை, அதற்குமேல் ஐந்து வகைப் பெயர்ச்சொற்கள் என்று அட்டவணை நீண்டுகொண்டே போகும். இந்த அட்டவணையை மாணவர் மனதில் பதிய வைக்க ஆசிரியர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக வீரர்களின் கதைகளைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

வீரர் கதை ஏன் பொருந்துகிறது?

வேற்றுமை என்பது யார், யாரை, எதனால், யாருக்கு, யாருடைய என்ற கேள்விகளுக்கான விடை. வீரர் கதையில் இவை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. வீரன் இருப்பான், அரக்கி இருப்பாள், ஆயுதம் இருக்கும், அதைக் கொடுத்த தெய்வமும் இருக்கும்.

பெர்சியுஸ் மெதூசாவைக் கொன்ற கதையை எடுத்துக்கொள்வோம். "பெர்சியுஸ் மெதூசம் ஃபால்கே நெகாவிட்" என்றால் "பெர்சியுஸ் மெதூசாவை அரிவாளால் கொன்றான்" என்று பொருள். மெதூசா "மெதூசம்" ஆனால் 'ஐ' உருபு வந்துவிட்டது. "மெதூசாய்" என்றால் மெதூசாவுடைய. வெட்டப்பட்ட தலையைச் சொல்ல இது வேண்டும். மெர்க்குரி தெய்வம் அரிவாளை யாருக்குக் கொடுத்தது? "பெர்சியோ", அதாவது பெர்சியுசுக்கு. அரிவாள் என்ற "ஃபால்க்ஸ்" இங்கே "ஃபால்கே" ஆகிறது. நமது மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்', ஐந்தாம் வேற்றுமையின் 'இன்' ஆகிய இரண்டின் வேலையையும் லத்தீனில் பெரும்பாலும் இந்த ஒரே வேற்றுமை பார்க்கிறது.

விளி வேற்றுமைக்கு ஹெர்குலிஸ் போதும். ரோமானியர்கள் அன்றாடப் பேச்சில் "ஹெர்குலே!" என்று அவன் பெயரைச் சொல்லி ஆணையிடுவது வழக்கம்.

தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. "மெதூசாவைப் பெர்சியுஸ் கொன்றான்" என்று சொற்களை மாற்றிப் போட்டாலும் நமக்குப் பொருள் மாறாது. லத்தீனும் அப்படித்தான். ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றினால் கொன்றவரே மாறிவிடுவார்.

பிரம்பும் காவியமும்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் லிவியுஸ் அந்திரோனிக்குஸ், யுலிசீசின் கதையான ஒடிசியை லத்தீனில் பெயர்த்தார். அது பள்ளிப் பாடமாயிற்று. கி.மு. 65இல் பிறந்த கவிஞர் ஹொராஸ், சிறுவயதில் ஓர்பிலியுஸ் என்ற ஆசிரியரிடம் அடி வாங்கிக்கொண்டு லிவியுசைப் படித்ததைப் பிற்காலத்தில் எழுதினார். கி.மு. 19இல் விர்ஜில் இறந்தபின் அவருடைய ஈனியட் காவியம் பள்ளிகளில் முதலிடம் பிடித்தது.

கி.பி. 500ஐ ஒட்டி, கிரேக்கம் பேசிய கான்ஸ்டாண்டினோபிளில் பிரிஸ்கியன் லத்தீன் கற்பித்தார். அவர் எழுதிய ஒரு நூல் ஈனியட்டின் பன்னிரண்டு பகுதிகளிலும் முதல் அடியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இது என்ன சொல், என்ன பால், என்ன வேற்றுமை என்று கேள்வி பதிலாகவே நூல் நகர்கிறது. அந்தக் காவியத்தின் முதல் சொல்லே இரண்டாம் வேற்றுமையில் நிற்கும் 'ஆயுதங்கள்' என்ற சொல்தான்! இலக்கணம் தெரியாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார்.

கதை மட்டும் போதுமா?

போதாது என்பதற்குச் சாட்சி புனித அகுஸ்தீன். கி.பி. 354இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அவருக்கு லத்தீன் வீட்டில் தானாக வந்த மொழி. அதனால் ஈனியட்டில் தீதோ இறக்கும் கதையைப் படித்து அழுதார். ஆனால் கிரேக்கத்தில் ஹோமரின் கதைகள் அவருக்குக் கசந்தன. அவையும் இனிய கதைகள்தான். அந்நிய மொழியை அச்சுறுத்தலோடும் தண்டனையோடும் படிக்க வேண்டியிருந்ததே காரணம் என்று அவரே எழுதுகிறார். கிரேக்கச் சிறுவர்களுக்கு விர்ஜிலும் இப்படித்தான் கசந்திருப்பார் என்றும் சொல்கிறார்.

ஆக, காவியத்தை அப்படியே தூக்கி மாணவர் கையில் கொடுத்தால் வீரனும் சுமையாகிவிடுகிறான். இதற்கு நல்ல விடை தந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ரிட்சி. 1884இல் வெளிவந்த அவருடைய 'ஃபாபுலாய் ஃபாகிலேஸ்', அதாவது 'எளிய கதைகள்', பெர்சியுஸ், ஹெர்குலிஸ், ஆர்கோ கப்பல் வீரர்கள், யுலிசீஸ் ஆகியோரின் கதைகளை எளிய உரைநடையில் சொல்கிறது. தொடக்கத்தில் சிறிய, நேரான வாக்கியங்கள். போகப்போகக் கடினமான அமைப்புகள். சீசரின் போர்க்குறிப்புகளுக்குள் நேரடியாகத் தள்ளப்பட்டுத் தவித்த மாணவர்களுக்கு இது ஒரு படிக்கட்டாக அமைந்தது. 1903இல் ஜான் கோப்லாண்ட் கர்ட்லாண்ட் இதை அமெரிக்க மாணவர்களுக்காகத் திருத்தி வெளியிட்டார். லத்தீனைத் தாமாகவே படிப்பவர்கள் இன்றும் இதைத் தேடிப் படிக்கிறார்கள்.

ஓர்பிலியுசின் கையிலும் கதை இருந்தது, ரிட்சியின் கையிலும் கதை இருந்தது. முன்னவர் மாணவரைக் கதையின் உயரத்துக்கு அடித்து ஏற்றப் பார்த்தார். பின்னவர் கதையை மாணவரின் உயரத்துக்கு இறக்கி வைத்தார். எந்த மொழியைக் கற்பிப்பவரும் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுதான். அட்டவணை தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் யாரைக் கொன்றார் என்று அறியும் ஆவல் பிறந்துவிட்டால், அந்த ஒரு எழுத்து உருபைக் கண் தானாகவே தேடும்.