நிழலில் மலர்ந்த பூவும் நிழலில் மறைந்த கைகளும்

மலருக்கு வரலாறு உண்டா என வினவுவோர் உளர். மன்னரின் போர்களையும் அமைச்சரின் உடன்படிக்கைகளையுமே வரலாறெனக் கற்றுப் பழகிய நமக்கு, தோட்டத்து மரநிழலில் நிற்கும் ஒரு சிறு செடியை வரலாற்றுப் பொருளாகக் கொள்வது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், மனிதன் தன் உழைப்பினால் மாற்றியமைத்த எப்பொருளும் அவன் வாழ்ந்த சமுதாயத்தின் சுவடுகளைத் தன்னகத்தே கொண்டிருக்கும். என்றும் பசுமை மாறாத யப்பானிய அசேலியா இதற்குத் தக்க சான்றாகும்.

நம் நாட்டு ஹோட்டன் சமவெளியிலே செந்நிறப் பூங்கொத்துக்களுடன் நிற்கும் மரத்தைச் சிங்கள மக்கள் 'மகாரத்மல்' என்பர். தாவரவியலார் அதனை ரொடொடென்ட்ரன் இனத்தில் அடக்குவர். அசேலியாவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. எனினும் அது மரமன்று. தாழ்ந்து படர்ந்து, இளவேனிலில் இலை தெரியாவண்ணம் பூத்துக் குலுங்கும் செடியாகும். யப்பானின் தென்பகுதியிலுள்ள கியூஷு தீவின் எரிமலைச் சாரல்களும், காட்டோரங்களும், மலைச் சரிவுகளும் அதன் தாயகம்.

அதனை வளர்க்கும் முறை முழுவதும் இத்தாயகத்தின் தன்மையிலிருந்தே பிறக்கின்றது. தேயிலையைப் போலவே அதற்கும் புளிப்புத்தன்மையுள்ள மண் வேண்டும். வேர்கள் மயிர்போன்று மெல்லியன. ஆழச் செல்லாது மேல்மண்ணிலேயே பின்னிக் கிடப்பன. ஆதலால் ஆழ நடுதல் கேடு; நீர் தேங்குதலும் கேடு; வேரருகே கொத்துதலும் கேடு. உதிர்ந்து மக்கிய இலைகளை அடியிற் பரப்பி ஈரத்தைக் காத்தலே தக்கது. உயர்ந்த மரங்களின் கிளையூடே சல்லடையிட்டு வரும் ஒளியே அதற்கு உகந்தது. நிழல் முற்றாக அடர்ந்துவிடின் செடி உயிர் வாழும், பூக்கள் அருகிவிடும். பூத்து ஓய்ந்தவுடனேயே கிளைகளைக் கத்தரித்தல் வேண்டும். கோடையில் அடுத்த ஆண்டுக்கான மொட்டுக்கள் உருவாகிவிடுவதால், காலந்தாழ்த்திக் கத்தரிப்பவன் வரும் ஆண்டின் மலரையே வெட்டியவனாவான். இவ்வறிவு நூல்களில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்னரே தோட்டத் தொழிலாளரின் விரல்களில் குடிகொண்டிருந்தது.

அவ்விரல்களுக்கு வேலை அளித்த சமுதாயம் எத்தகையது என்பதை நோக்குதல் வேண்டும். 1635ஆம் ஆண்டில் தொக்குகாவா ஆட்சியாளர் ஒரு விதியை நிலைநாட்டினர். நாட்டின் நிலமானியப் பிரபுக்கள், ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு, இன்று ரோக்கியோ எனப்படும் எடோ நகரில் வந்து தங்கவேண்டும். அவர்தம் மனைவி மக்களோ அந்நகரிலேயே பிணையாக நிரந்தரமாய் இருத்தல் வேண்டும். கிளர்ச்சியைத் தடுக்கச் செய்த இவ்வேற்பாட்டினால் எடோ நகரம் மாளிகைகளால் நிறைந்தது. 1657ஆம் ஆண்டின் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தபோது, மாளிகைகள் மீண்டும் எழுந்தன. அவற்றைச் சூழத் தோட்டங்களும் எழுந்தன. இவற்றின் செலவு உழவன் செலுத்திய நெல்வரியிலிருந்தே வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தோட்டங்களின் தேவையை நிறைவு செய்யவே நகரின் ஓரத்திலிருந்த சொமேய் என்னும் கிராமம் செடி வளர்ப்போர் கிராமமாக மாறியது. அங்கு வாழ்ந்த இத்தோ இகேய் என்பவர் 1692ஆம் ஆண்டில் அசேலியாக்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 'கின்ஷூ மக்குறா', அதாவது 'சித்திரப்பட்டுத் தலையணை' என்பது அதன் பெயர். 300க்கும் மேற்பட்ட வகைகள் அதிலே படங்களுடன் விவரிக்கப்பட்டுள்ளன. இளவேனிற் பூப்பவை ஒரு பிரிவாகவும், பழைய நாட்காட்டியின் ஐந்தாந் திங்களிற் பூக்கும் 'சட்சுக்கி' வகைகள் பிறிதொரு பிரிவாகவும் வகுக்கப்பட்டுள்ளன. இதனை எழுதியவர் பிரபுவோ, பண்டிதரோ அல்லர். செடி விற்றுப் பிழைத்த தொழிலாளர். ஐரோப்பாவில் லின்னேயசு தம் பெரு நூலை வெளியிட்டது 1753இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தோட்டக்காரர் தாம் கையாண்ட செடிகளை இவ்வளவு நுட்பமாக வகைப்படுத்தினார் எனின், அறிவு உயர்குடியின் தனியுடைமை என்னும் கூற்று எவ்வளவு பொய்யானது என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கியூஷுவிலுள்ள குருமே நகரில் இக்கலை மேலும் வளர்ந்தது. சக்கமொத்தோ மொத்தோசோ என்னும் சமுறாய் வீரர் மலையினச் செடிகளிலிருந்து விதை எடுத்து, நாற்றுக்களை வளர்த்துத் தேர்ந்தார். அசேலியா விதை தூசிபோல் நுண்ணியது. மண்ணுள் புதைத்தால் முளையாது. ஈரமான பாசியின்மேல் தூவி, காயாமல் காத்தல் வேண்டும். முளைத்த நாற்று பூத்து அதன் தரம் தெரிவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். நூற்றில் ஒன்றைத் தேர்ந்து, எஞ்சியவற்றைக் கழித்து, தேர்ந்ததைப் பதியன் வைத்தும் துண்டு நட்டும் பெருக்கல் வேண்டும். சக்கமொத்தோவின் மறைவிற்குப் பின் அவருடைய சேகரிப்பு அக்காஷி கிஜிறோ என்பவரின் கைக்கு வந்தது. அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனைப் பேணி வளர்த்தார். 'குருமே அசேலியா' என இன்று உலகம் போற்றுவது இவ்வுழைப்பின் விளைவே.

இனி இம்மலரின் கடற்பயணத்தைக் காண்போம். 1915ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா-பசிபிக் கண்காட்சியிலே அக்காஷியின் செடிகள் வைக்கப்பட்டுத் தங்கப்பதக்கம் பெற்றன. ஓக்லாந்தில் செடி வளர்ப்பு நிலையம் நடத்திய யப்பானியக் குடியேறிகளான தொமோத்தோ சகோதரர்கள் அவற்றை வாங்கிப் பெருக்கினர். 1918இல் தாவர சேகரிப்பாளர் ஏர்னெஸ்ட் வில்சன் நேரே குருமேக்குச் சென்று, 50 வகைகளைத் தேர்ந்தெடுத்தார்; அவை 1919இல் பொஸ்டன் நகரிலுள்ள ஆர்னல்ட் மரத்தோட்டத்தை அடைந்தன. சக்கமொத்தோவையும் அக்காஷியையும் வில்சன் தம் எழுத்துக்களில் குறிப்பிடத் தவறவில்லை. எனினும் அத்தொகுதி தோட்டக்கலையுலகில் 'வில்சனின் ஐம்பது' என்றே வழங்கலாயிற்று. செடிகளின் பெயர்களும் மாறின. கீழைத்தேயக் கதைகளில் வரும் தெய்வீக விலங்கின் பெயரைத் தாங்கிய 'கிரின்', ஆங்கிலத்தில் 'விடியல்' ஆயிற்று. யப்பானிய அரிச்சுவடியின் பெயர் கொண்ட 'இறொகாயாமா'வுக்கு 'நளினம்' எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. வளர்த்தவன் இட்ட பெயர் மறைந்து, வாங்கியவன் இட்ட பெயர் நிலைப்பது மலர்களுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று.

பெயர் மாற்றத்தினும் கொடியதொன்று பின்னர் நிகழ்ந்தது. கண்காட்சிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1913இல், கலிபோர்ணியா மாநிலம் ஒரு சட்டத்தை இயற்றியிருந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் விவசாய நிலத்தை உடைமையாகக் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். யப்பான் என்ற சொல் அதில் இல்லை. ஆயினும் அது யாரைக் குறி வைத்தது என்பதை அனைவரும் அறிவர். யப்பானியச் செடிக்குத் தங்கப்பதக்கம். அதை நட்டவனுக்கோ நிலம் இல்லை!

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்கக் கட்டளையில் கையொப்பமிட்டார். யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டு, முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். தொமோத்தோ குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரும், ஹேவார்டில் தனிநிலையம் நடத்தியவருமான தொய்ச்சி தொமோத்தோவும் கொலராடோ மாநிலத்து அமாச்சே முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவரும் அமெரிக்க மண்ணிற் பிறந்தவரே.

இதே காலத்தில் தலைநகர் வாஷிங்டனை அடுத்த மேரிலாந்து மாநிலத்தில், கிளென் டேல் அரசாங்க நிலையத்திலே, பெஞ்சமின் மொறிசன் என்னும் அறிஞர் யப்பானிய அசேலியாக்களைக் கலப்புச் செய்து, அப்பகுதியின் குளிரைத் தாங்கும் பெரும்பூ வகைகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். இறுதியில் அவர் பெயரிட்டு வெளியிட்டவை 454. அவை பின்னர் தேசிய மரத்தோட்டத்தின் மலைச்சரிவிலே ஆயிரக்கணக்கில் நடப்பட்டு, மக்கள் திரண்டு சென்று காணும் காட்சியாயின. மொறிசனின் பணி போற்றற்குரியது. அவர்மீது குறை கூறுவதற்கில்லை. ஆனால் அரசின் ஒரு கை யப்பானியச் செடிக்கு உரமிட்டு நீர் வார்க்க, மறு கை யப்பானியத் தோட்டக்காரனை வேலிக்குள் தள்ளியது. ஒரு பண்பாட்டின் பொருள்களை விரும்பி ஏற்றுக்கொண்டு, அப்பண்பாட்டைப் படைத்த மனிதரை வெறுத்தொதுக்குவதே இனவாதத்தின் இயல்பு. உணவையும் இசையையும் மலரையும் அது ஏற்கும். அவற்றைத் தந்தவனைத் தன் பக்கத்து வீட்டில் குடியிருத்த மறுக்கும்.

ஆயினும் வேலிக்குள்ளும் அக்கைகள் ஓயவில்லை. கலிபோர்ணியாவின் வறண்ட சமவெளியில் அமைந்த மன்சனார் முகாமிலே, கைதிகளாயிருந்த தோட்டத் தொழிலாளர் கல்லையும் நீரையும் கொண்டு பூங்காக்களை அமைத்தனர். அவற்றின் எச்சங்கள் பிற்காலத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1988இல் அமெரிக்க அரசு சட்டத்தின்மூலம் மன்னிப்புக் கோரி, உயிருடன் எஞ்சியிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு வழங்க முன்வந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் காத்திருக்க இயலாது மாண்டோருக்கு அம்மன்னிப்புச் சென்றடையவில்லை.

அசேலியாவைப் பற்றிய ஓர் உண்மையை இறுதியாகக் கூறுதல் தகும். பசுமை மாறாச் செடி என அதனை அழைக்கின்றோம்; ஆனால் அதன் இலைகள் அனைத்தும் நிலைத்திருப்பனவல்ல. இளவேனிலில் தோன்றும் அகன்ற இலைகள் இலையுதிர் காலத்தில் விழுந்துவிடுகின்றன. கோடையில் தோன்றும் சிறிய, தடித்த இலைகளே குளிர்காலம் முழுவதும் நின்று செடியைக் காக்கின்றன. சொமேய் கிராமத்தில் இகேயின் அயலில் உழைத்தவர்கள், குருமேயில் பாசியின்மேல் விதை தூவியவர்கள், ஓக்லாந்தில் பதியன் வைத்தவர்கள் ஆகியோருள் பெயர் எஞ்சியவர் மிகச் சிலரே; பெயரின்றி உதிர்ந்தவர் பல்லாயிரவர். அவர்கள் ஒருவர் பின் ஒருவராய்த் தாங்கி வந்ததனாலேயே அம்மலர் இன்றும் நிழலிலே ஒளிர்கின்றது. மலரைப் புகழ்வோர் அக்கைகளையும் மக்களுக்கு நினைவூட்டுதல் வேண்டும். வரலாறு எழுதுவோர்க்குரிய கடமை அதுவே.