டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிய வரலாறு

மலையகத்திலிருந்து கீழே இறங்கிய கோப்பிக்கும் தேயிலைக்கும் கணக்கெழுதியவர்கள் பலர். மேலே ஏறிய அரிசிக்கும் செத்தல் மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் கணக்கெழுதியவர்கள் மிகச் சிலரே. ஆனால், ஒரு தொழிலாளி தனது வீட்டுக்குத் தேவையான பலசரக்கைத் தானே தெரிவு செய்து வாங்குவதற்கு எத்தனை காலம் காத்திருந்தான் என்பதை அறிந்தால், தோட்ட வாழ்க்கையின் வரலாற்றில் பாதியை அறிந்ததாகிவிடும்.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் நெல் விளையவில்லை. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் நடந்து வந்த மக்களுக்கான அரிசியும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து மாட்டு வண்டிகள் அரிசியை ஏற்றி மலைக்கு வந்தன. திரும்பும்போது கோப்பியை ஏற்றிச் சென்றன. பாதை சீர்கெட்டால், மழை கடுமையானால், தோட்டத்தில் அரிசி இல்லை. கொழும்பு செட்டியார் தெருவை மையமாகக் கொண்டிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இந்த அரிசி வணிகத்துக்குப் பெருமளவில் முதலிட்டிருந்தார்கள்.

புகையிரதம் இந்நிலையைப் படிப்படியாக மாற்றியது. 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் பாதை வந்து சேர்ந்தது. இதற்கிடையில் இலைநோய் கோப்பியை அழித்துவிட, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற குறுகிய பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு, 1940களில் மூடப்பட்டது. தேயிலைக்காகப் போடப்பட்ட பாதைகளாயினும், மேலே வரும் பெட்டிகளில் அரிசி மூட்டைகளே முதன்மையான சரக்காயிருந்தன. ஹட்டன், தலவாக்கலை போன்ற ஊர்கள் புகையிரத நிலையத்தைச் சுற்றி வளர்ந்த கடைத்தெருக்களே எனலாம்.

எனினும், அரிசி புகையிரதத்தில் வந்ததே தவிர, தொழிலாளி புகையிரதத்தில் போய் அதை வாங்கவில்லை. தோட்ட நிர்வாகமே அரிசியைக் கொள்வனவு செய்து, கொத்து அளவையில் அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. மாத முடிவில் கையில் மிஞ்சிய சில்லறை பெரியகங்காணியின் கடனுக்குப் போனது. கடன் தொகையைக் குறித்த 'துண்டு'ச் சீட்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் ஒழிந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் கூலியோடு அரிசியைச் சேர்த்தே பார்த்தது. அரிசி நல்லதா, புழுத்ததா என்று கேட்பதற்கு வேறு கடை இல்லை. அந்நியர் எவரும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழையவும் இயலாது. ஆகவே, சம்பளத்துக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் டவுனுக்குப் போவது என்பது வெறும் கடைக்குப் போகும் காரியமன்று. தோட்டத்தின் எல்லையைத் தாண்டித் தன் காசைத் தன் விருப்பப்படி செலவிடும் ஒரே நாள் அது. நல்லெண்ணெய், வெற்றிலை, மாசி, தீபாவளி என்றால் துணிமணி என, கொத்து அரிசியில் அடங்காத அனைத்தும் அந்த நாளுக்கு உரியவை.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. இன்று மலையகத்தின் அடையாளமாகப் பேசப்படும் ரொட்டி, விரும்பித் தேர்ந்த உணவாக அன்றிப் பற்றாக்குறையினால் லயன் அடுப்புக்கு வந்து நிலைத்த உணவு என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை மக்களுக்கு ஹட்டனுக்குச் செல்ல அரச பஸ் கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு முன்னர், 1948இல், குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை. பஸ் சீட்டு இருந்தது.

ஆனால், வாகனம் இருந்தாலும் சாமான் இல்லாத காலமும் வந்தது. 1970களின் முற்பகுதியில் பருப்பு, மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1973இல் அரிசி, மா பங்கீடும் குறைக்கப்பட்டது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரிசி கொண்டுசெல்வதற்கும் தடை இருந்தது. வீதித்தடைகளில் பஸ்களை நிறுத்தி, பயணிகளின் பைகளைச் சோதித்தார்கள். கிராமத்து விவசாயிக்கு வீட்டைச் சுற்றி ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயனில் இருந்தவருக்குப் பங்கீட்டுக் கடையை விட்டால் வேறு கதியில்லை. 1974ஆம் ஆண்டில் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் உயர்ந்ததை அரச புள்ளிவிபரங்களே காட்டின. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் செழித்த அதே ஆண்டுகளில்தான், தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்குக்கும் கீரைக்கும் அலைந்தார்கள். ஒரே மொழி பேசுவோரிடையே இருந்த இந்த இடைவெளியைப் பற்றி நாம் போதியளவு பேசியதில்லை.

அண்மைக் காலமும் அதிகம் வேறுபட்டதன்று. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் 100 ரூபாவுக்கு உட்பட்டிருந்த ஒரு கிலோ கோதுமை மா, 2022இல் 300 ரூபாவைத் தாண்டியது. எரிபொருள் இல்லாமையால் பஸ்கள் குறைந்தன, கட்டணமோ ஏறியது. 2025 நவம்பரில் தித்வா சூறாவளி மலையகத்தின் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் சிதைத்தபோது, மாட்டு வண்டிக் காலத்தின் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது: மேலே சாமான் எப்படி வந்து சேரும்?

வெளிநாடுகளிலிருந்து வரும் நம்மவர்கள் நுவரெலியாவின் குளிரையும் புகையிரத யன்னலோரக் காட்சியையும் படம் பிடிக்கிறார்கள். அவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வாடகைக் காரை விட்டுவிட்டு, ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் ஏதாவதொரு தோட்டத்துப் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கால் வைக்க இடமின்றி மா மூட்டையும் கருவாட்டுப் பொட்டலமும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் நிறைந்திருக்கும். அருகிலிருக்கும் அம்மாவிடம், இறங்கிய பின் இன்னும் எவ்வளவு தூரம் சுமந்து நடக்கவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். தேயிலை லொறிக்காகச் செப்பனிடப்படும் பாதை, லயன் வாசல்வரை இன்னும் பல இடங்களில் போய்ச் சேரவில்லை.