சோயா பால் கடையில் ஏழு பேர்

1974 பிப்ரவரி. தைபேயில் ஒரு சோயா பால் கடை. காலைச் சாப்பாட்டுக்கு ஏழு பேர் கூடுகிறார்கள். தைவானின் பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவான், சில மேல்மட்ட அதிகாரிகள், தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத அரசு ஆய்வு நிறுவனமான இட்ரியின் தலைவர், அமெரிக்காவில் ஆர்சிஏ ஆய்வகத்தில் வேலை பார்த்த பான் வென்-யுவான். சிப் செய்யக் கற்றுக்கொள்ளலாம், நாலு வருஷமும் ஒரு கோடி டாலரும் ஆகும் என்றார் பான். திட்டத்துக்கு அந்தக் கடையில்தான் பிள்ளையார் சுழி.

அரசு, பல்கலைக்கழகம், தொழில்துறை மூன்றும் கைகோத்தால் ஒரு வட்டாரம் எழும் என்று சொல்லும் ‘டிரிப்பிள் ஹெலிக்ஸ்’ கோட்பாடு 1990களில்தான் வந்தது. அதற்கு உதாரணமாக தைவானின் சிஞ்சு நகரத்தைக் காட்டுவார்கள். ஆனால் அந்த மேசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உள்ளூர் முதலாளி ஒருவர்கூட இல்லை.

படிப்பு இருந்தது. சிஞ்சுவின் ஜியாவ் துங் பல்கலைக்கழகம் 1964லேயே குறைக்கடத்தி ஆய்வகம் அமைத்திருந்தது. பணம் போட அரசு தயார். 1976ல் ஆர்சிஏவோடு ஒப்பந்தம் ஆனது. இட்ரி அனுப்பிய இளம் பொறியாளர்கள் அமெரிக்காவில் தொழில் பழகினார்கள். அவர்கள் கற்ற நுட்பம் அன்றைக்கே கொஞ்சம் பழைய சரக்கு. கைக்கடிகாரச் சிப்புக்கு அது போதும். ஊர் திரும்பி அவர்கள் நடத்திய மாதிரி ஆலை, பழுதில்லாத சிப்புகளின் விகிதத்தில் குருவையே முந்தியது.

முதலாளிகளைப் பிறகு அரசும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்துதான் உண்டாக்கின. 1980ல் இட்ரியிலிருந்து யூஎம்சி பிரிந்தது. அதே வருஷம் சிஞ்சு அறிவியல் பூங்கா திறந்தது. 1987ல் டிஎஸ்எம்சி. அதில் கிட்டத்தட்டப் பாதி அரசுப் பணம், கால்வாசிக்குமேல் பிலிப்ஸ். உள்ளூர்ப் பணக்காரர்களை அரசு நெருக்கித்தான் மீதியைப் போட வைத்தது. நுட்பத்தோடு ஆட்களையும் இட்ரி விட்டுக்கொடுத்தது. பழக்கிய ஆளை ‘போய் வா’ என்று அனுப்ப எத்தனை நிறுவனத்துக்கு மனசு வரும்? சிஞ்சுவின் சூட்சுமம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த மேசையில் இல்லாத இன்னொருவர், தொழிலாளி. அதே ஆர்சிஏ, தாவ்யுவானில் தொலைக்காட்சிப் பாகங்கள் செய்யும் ஆலை நடத்தியது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1992ல் ஆலை மூடிய பிறகுதான், நிலத்தடி நீரில் ரசாயனக் கரைப்பான்கள் கலந்திருந்தது வெளியே வந்தது. புற்றுநோய் கண்டவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் வழக்காடி, இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்க 2015 ஆனது. டிஎஸ்எம்சி பிறந்த 1987ல்தான் தைவானில் ராணுவச் சட்டமே விலக்கப்பட்டது. அதற்கு முன் சங்கம் வைத்துக் கேள்வி கேட்பது லேசான காரியமில்லை.

நம்ம ஊரிலும் ஒரு சிஞ்சு வரவேண்டும் என்கிறார்கள். வரட்டும். மேசையில் நாலாவது நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்வோம்.