பவளமும் சுண்ணாம்பு நீரும்

பவளம் தன் எலும்புக்கூட்டைக் கடல்நீரின் கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டே கட்டுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பவளம் எடுத்துக்கொள்வது கடலில் புலப்படாது. வீட்டுத் தொட்டியிலோ சில நாள்களிலேயே இருப்புக் குறையும். தொடக்ககாலத் தொட்டிகளில் மீன்கள் வாழ்ந்தும் கற்பவளங்கள் நிலைக்காமைக்கு இது முக்கியக் காரணம்.

1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதிய பீட்டர் வில்கன்ஸ் இதற்கோர் எளிய தீர்வைப் பரப்பினார்: ஆவியாகும் நீருக்கு ஈடாக, நீற்றிய சுண்ணாம்பின் தெளிநீரைச் சேர்த்தல். அது கரியமில வாயுவுடன் கூடிப் பைகார்பனேட் ஆகிறது. பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கால்சியமும் காரத்தன்மையும் மீள்கின்றன. தெளிநீர் கடுங்காரம், ஒருசேர ஊற்றினால் உயிர்கள் மடியும். ஆகவே அதைச் சொட்டுச் சொட்டாக, பெரும்பாலும் இரவில் விடுவது வழக்கமாயிற்று.

அதே சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டப்பட்டன. 2001-இல் கற்பவளங்கள் அனைத்தும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. தொட்டியின் ஒருநாள் இழப்பை ஓரிரவின் சொட்டுகள் ஈடுசெய்கின்றன. வெட்டப்பட்ட பாறை மீள வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும்.